ஏஐ வந்தபின் ஸ்ட்ரக்சரல் படிக்கலாமா? தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார், அப்பா கொத்தனார். அடுத்து ஸ்ட்ரக்சரலில், அதாவது கட்டடம் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிடும் துறையில், எம்.இ. சேர ஆசை. ஆனால் "பீம் (உத்தரம்), காலம் (தூண்) டிசைனையெல்லாம் ஏஐ ஒரு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறது, இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தால் வேலை இருக்குமா என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள்" என்கிறார். வேலை கிடைக்குமா என்பதுதான் மேலே தெரிகிற கேள்வி. அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். கணக்கை இயந்திரமே போட்டுவிடும் என்றால், ஸ்ட்ரக்சரல் என்ஜினியருக்கு எதற்காகக் கூலி கொடுக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் எம்.இ. பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. காரைக்குடியில் 24 வருஷமாக ஸ்ட்ரக்சரல் டிசைன் செய்கிறேன். வீடுகள், கல்யாண மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள், ஒன்றிரண்டு அரிசி ஆலைகள், கடந்த பத்து வருஷமாகப் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்க்கும் வேலை. நாற்பது மாடிக் கட்டடமோ பெரிய பாலமோ நான் செய்ததில்லை. அந்த அலுவலகங்களில் மாற்றத்தின் வேகம் வேறாக இருக்கும். நான் சொல்வதை இந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாமல் மாறிவிட்டவை. என் அலுவலகத்தில் பார் பெண்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பியை எப்படி வளைத்து எத்தனை வெட்டுவது என்ற பட்டியல்) போட ஒரு பையன் இரண்டு நாள் உட்கார்ந்த காலம் போய்விட்டது. ஸ்டாட் புரோ என்ற கட்டடக் கணக்கு மென்பொருளிலிருந்து வரும் முடிவுகளை எக்செலுக்கு மாற்றுவது, ஒரே மாதிரியான முப்பது ஃபூட்டிங்கை (தூணின் அஸ்திவாரத்தை) வகை பிரிப்பது, அளவுப் பட்டியல் எடுப்பது எல்லாவற்றுக்கும் இப்போது சின்னச் சின்ன நிரல்கள் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியாத என் உதவியாளரே ஏஐயிடம் தமிழும் இங்கிலீஷும் கலந்து சொல்லி எழுத வைத்துக்கொள்கிறார். ஒரு மண்டபத்தின் கூரைக்கு நாலு விதமான டிரஸ் அமைப்பை ஒப்பிட்டு எது இரும்பு குறைவாக இழுக்கும் என்று பார்க்க முன்பு ஒரு வாரம் ஆகும். இப்போது மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிறது. அறிக்கை எழுதுவது, வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவையும் நான் மனதார வரவேற்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை கம்பி எண்ணிக்கொண்டு இருந்த வருஷங்களைத் திரும்ப யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்து, ஏஐ எங்கே தவறுகிறது என்பதை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன், நீங்களே இன்றைக்குச் சோதிக்கலாம். ஒரு செயலியிடம், எம் 20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டில் எஃப்இ 500 தரக் கம்பிக்கு டெவலப்மென்ட் லெங்த் (கம்பி உருவி வராமல் இருக்க கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டிய நீளம்) எவ்வளவு என்று கேட்டேன். கம்பியின் விட்டத்தைப்போல் 47 மடங்கு என்று தயக்கமே இல்லாமல் சொன்னது. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456ஐ எடுத்துக் கணக்குப் போடுங்கள். எம் 20க்கு பாண்ட் ஸ்ட்ரெஸ் (கான்கிரீட் கம்பியைப் பிடிக்கும் பலம்) 1.2, முறுக்குக் கம்பிக்கு அதில் 60 சதவீதம் கூட்டினால் 1.92. கம்பியின் அழுத்தம் 500ஐ 0.87ஆல் பெருக்கினால் 435. அதை 1.92இன் நான்கு மடங்கான 7.68ஆல் வகுத்தால் 56.6, அதாவது 57 மடங்கு வருகிறது. பிறகு 47 எங்கிருந்து வந்தது? அது பழைய எஃப்இ 415 கம்பிக்கு உரியது. ஒரு தலைமுறையின் பாடப்புத்தகங்களும் குறிப்புகளும் 415ஐ வைத்தே எழுதப்பட்டவை. அதிகம் எழுதப்பட்டதை அது திருப்பிச் சொல்லியிருக்கும் என்பது என் ஊகம். 16 மி.மீ. கம்பியில் இந்த வித்தியாசம் 15 சென்டிமீட்டருக்கு மேல். தூணுக்குள் நங்கூரம் போல் நிற்க வேண்டிய கம்பியில் 15 சென்டிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டாலே சொல்வார். நாளைக்கு அந்தச் செயலி இதைத் திருத்திக்கொண்டுவிடலாம். வேறொரு இடத்தில் இதே மாதிரி இடறும். தப்பான விடையும் சரியான விடையைப் போலவே அடக்கமான, தெளிவான நடையில் வரும் என்பதுதான் எனக்குக் கவலை. புது ஆள் ஒருவர் தெரியாததைச் சொல்லும்போது குரல் தடுமாறும், அதை வைத்து நாம் பிடித்துவிடுவோம். இங்கே அந்தத் தடுமாற்றம் இல்லை.

கணினியை நம்பி ஏமாந்தது ஏஐயோடு தொடங்கியதல்ல. 1978 ஜனவரி 18ஆம் தேதி விடியற்காலை, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் விளையாட்டு அரங்கக் கூரை பனியின் பாரத்தில் இறங்கிவிட்டது. சில மணி நேரத்துக்கு முன்புதான் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அங்கே கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காலத்துக்கு மிக நவீனமான கணினிக் கணக்கு, இரும்பு மிச்சப்படுத்திய ஸ்பேஸ் ஃபிரேம் (இரும்புக் கம்பங்களை முப்பரிமாண வலைபோல் பின்னிய) கூரை. மேல் உறுப்புகளுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இருக்கிறது என்று கணக்கில் கொண்டிருந்தார்கள், கட்டியதில் அந்தப் பிடிமானம் போதவில்லை. என்னை உலுக்கியது வேறு விஷயம். கட்டும்போதே கூரை கணக்கில் வந்ததைவிட இரண்டு மடங்கு தொய்ந்தது. தளத்தில் இருந்தவர்கள் அளந்து சொல்லியும் இருக்கிறார்கள். அலுவலகம் கணினித் தாளை நம்பியது, கூரை சொன்னதை நம்பவில்லை. 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடிப்பாகம் கடலில் மூழ்கியதும் இதே வகைதான். ஒரு சந்திப்பில் கணினி மாதிரியைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்ததில் ஷியர் (வெட்டுவிசை) 47 சதவீதம் குறைவாகக் காட்டியது. பிறகு கவனமாகக் கணக்குப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

ஆனால் அந்தக் கால மென்பொருளுக்கும் இப்போது வரும் ஏஐக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதை உங்கள் வகுப்பில் சொல்லித்தந்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஈடேப்ஸ், ஸ்டாட் போன்ற கட்டடக் கணக்கு மென்பொருள் சமன்பாட்டைத் தீர்க்கிறது. நீங்கள் கொடுத்த மொத்தச் சுமையையும் கீழே தாங்கிகள் திருப்பித் தரும் விசைகளான ரியாக்‌ஷன்களையும் கூட்டிப் பார்த்து இரண்டும் சமமா என்று ஐந்து நிமிஷத்தில் சோதிக்கலாம். சமமில்லையென்றால் எங்கோ பிழை. பழைய வடிவமைப்புகளைப் படித்துப் பழகி, புதிய கட்டடத்துக்கு "இந்த அளவு பீம் போதும்" என்று ஊகிக்கும் மாதிரிகள் சமநிலை விதியைத் தீர்ப்பதில்லை. தான் பார்த்த வகைக்குள் இருக்கும்வரை மிக அழகாகச் சொல்லும். அதற்கு வெளியே போனாலும் அதே போல்தான் சொல்லும், "இது நான் பார்க்காத வகை" என்று பல நேரம் எச்சரிக்காது. ஆரம்பக்கட்ட அளவுகளை யோசிக்க நான் இவற்றைத் தாராளமாக வைத்துக்கொள்வேன். கையெழுத்துப் போடும் வரைபடத்துக்கு, சமன்பாட்டைத் தீர்த்த கணக்கு தனியாக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பார்க்காத வகை என்றேனே, நம் ஊரே அதற்குச் சாட்சி. போன வருஷம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்பாங்கரை என்று தெருவிலிருந்து பின் தெரு வரை ஓடும் வீடு. இரண்டாம் கட்டின் மேல்தளத்தில் 5000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைக்க வேண்டும். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: பர்மா தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டங்கள், அதன்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை. என் உதவியாளர் படங்களும் அளவுகளும் எடுத்து ஏஐயிடம் கொடுத்தார். அது முட்டாள்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியின் பாரம் 5 டன், அடிவட்டம் சுமார் இரண்டரை சதுர மீட்டர், ஆகவே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன். ஏறிப் போகிற மொட்டைமாடிக்கு பாரங்களுக்கான விதிநூல் ஐ.எஸ். 875 சொல்லும் லைவ் லோடு (ஆட்கள், பொருட்களின் பாரம்) சதுர மீட்டருக்கு 150 கிலோதான், பதின்மூன்று மடங்கு அதிகம் என்று சரியாகவே எச்சரித்தது. பிறகு, தொட்டியை இரண்டு உத்தரங்களின்மேல் இரும்பு ஜாயிஸ்ட் (குறுக்குச் சட்டம்) போட்டு வைத்தால் தேக்கின் வலிமைக்குத் தாங்கும் என்று கணக்கும் காட்டியது. கணக்கில் நான் பிழை கண்டுபிடிக்கவில்லை.

வீட்டு ஆச்சிக்கு இதைக் கேட்டு மிகச் சந்தோஷம். "எங்க ஐயா காலத்து வீடு தம்பி, நூறு வருஷமா நிக்குது, இந்தத் தொட்டியத் தாங்காதா" என்றார்கள். நான் ஏணி போட்டு ஏறி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நடுவில் கணீரென்று கேட்டது. சுவருக்குள் நுழையும் முனைக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் மாறிப் பொத்தென்று கேட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. மேலே முற்றத்து ஓடும் சுவரும் சேரும் இடத்தில் எத்தனையோ மழைக்காலமாகத் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் இருந்த கட்டைமுனை மக்கிப்போயிருக்கிறது. வெளியே தெரியும் மூன்று மீட்டரும் தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கிறது, படத்திலும் அதுதான் விழுந்தது. பாரமெல்லாம் கடைசியில் போய் உட்காரும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் மரம் இல்லை. ஏஐ முழு மரத்துக்குக் கணக்குப் போட்டது, அதற்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. தொட்டியைப் பின்கட்டில் தரையிலேயே தனி அஸ்திவாரம் போட்டு வைத்து, பிரஷர் பம்ப் கொடுத்தோம். உத்தரத்தின் முனைக்கு வேறு தேக்கு ஒட்டுப் போட்டு இரும்புத் தகடு கட்டினோம். மழைநீர் இறங்கிய இடத்தைச் சரிசெய்த பிறகுதான் அதையும் செய்தோம்.

நம் பகுதி வீடுகள் 2014லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கும் பர்மா தேக்குக்கும் ஏஐ படித்துத் தேறும் அளவுக்குச் சோதனைத் தரவை நான் எங்கும் கண்டதில்லை. ஒவ்வொரு வீடும் அதன் கொத்தனார் கைப்பக்குவம். இங்கே வேலை செய்கிறவர் தட்டித்தான் பார்க்க வேண்டும், சுரண்டித்தான் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விரிசல் பார்க்கும் ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிரோன் படங்களில் விரிசலைக் கண்டுபிடித்து நீளம், அகலம் குறித்துத் தருவதில் அது நன்றாகவே தேறிவிட்டது. சாரம் கட்ட முடியாத உயரத்துக்கும் பாலத்தின் அடிப்பக்கத்துக்கும் அது பெரிய உதவி, மனிதக் கண் சோர்ந்துபோகும், அது சோராது. ஆனால் விரிசல் எதனால் வந்தது என்பது வேறு கேள்வி. ஒரு பள்ளிக்கூடத்து பீமின் அடியில் இருந்த விரிசலை, வளைவால் வந்தது, பாரத்தைக் குறைத்தால் போதும் என்று ஒரு செயலி சொன்னது. போய்ப் பார்த்தால் விரிசல் குறுக்கே போகவில்லை, கம்பியை ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறது, ஓரத்தில் செம்பழுப்புக் கறை. கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். கம்பியின் மின்னழுத்தத்தை வைத்துத் துருவை அறியும் ஹாஃப் செல் கருவியை வைத்துப் பார்த்தபோது மைனஸ் 400 மில்லிவோல்ட்டையும் தாண்டியது. மைனஸ் 350க்குக் கீழே போனாலே துருப்பிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பாரத்தைக் குறைத்திருந்தால் பீம் அழகாகத் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருந்திருக்கும். தம்பி, துருப்பிடித்தலையும் ஆராயும், 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உங்களுக்குப் பேருந்து போகும் தூரத்தில், காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம். அங்கே பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் ஒருமுறை போய்வாருங்கள். ஏஐயோடு துருப்பிடித்தலும் தெரிந்த என்ஜினியர் என்றால் அடுத்த இருபது வருஷத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்று நான் துணிந்து சொல்வேன். 1980களிலும் 90களிலும் கட்டிய கான்கிரீட் எல்லாம் இப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வரிசையில் நிற்கிறது.

அடுத்தது பொறுப்பு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். அப்படி ஒன்று நடந்தால், வரைபடத்தில் யார் கையெழுத்து என்றுதான் முதலில் தேடுவார்கள், தேடவும் வேண்டும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஸ்ட்ரக்சரல் என்ஜினியரைப் பதிவு செய்யச் சொல்கின்றன. பதிவு பெறுவது ஒரு மனிதர்தான். மென்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் கூண்டில் ஏறி நிற்கப் போவது நாம். அதனால் நமக்குப் புரியாத எதற்கும் நாம் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரு கட்டடத்தின் பாரம் கூரையிலிருந்து மண்வரை எந்த வழியாக இறங்குகிறது என்று தனக்குத் தெரியும், தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்வதற்காக ஸ்ட்ரக்சரல் என்ஜினியருக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

இனி சந்தேகமானவை. சின்ன அலுவலகங்கள் புதியவர்களைக் குறைவாக எடுக்குமா? நானே முன்பு மூன்று பேரை வைத்திருந்த இடத்தில் இப்போது இருவரை வைத்துச் சமாளிக்கிறேன், ஆகவே அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதே நேரம் டிசைன் விலை மலிந்தால், இதுவரை மேஸ்திரி கணக்கிலேயே வீடு கட்டியவர்கள் என்ஜினியரிடம் வரலாம். எது வெல்லும் என்பது இன்னும் பத்து வருஷத்தில்தான் தெரியும். வடிவமைப்பு விதிநூல்கள் ஏஐ முடிவுகளை எந்த நிபந்தனையோடு ஏற்கும் என்பதும் அப்படித்தான்.

என் உண்மையான கவலை உங்கள் தலைமுறையின் பழக்கம் பற்றியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மூத்தவர் முதல் இரண்டு வருஷம் கம்பிப் பட்டியல் மட்டும்தான் கொடுத்தார். அலுப்பாக இருக்கும். ஆனால் ஆயிரம் பீமுக்குக் கம்பி எண்ணி எண்ணி, ஆறு மீட்டர் பீமுக்குக் கீழே இரண்டு 12 மி.மீ. கம்பி என்று யாராவது எழுதினால் படித்த உடனே கை நின்றுவிடும். அந்த உணர்வு எனக்கு வந்தது அந்த அலுப்பான வேலையிலிருந்து. இப்போது அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. உணர்வை வேறு எந்த வழியில் வளர்ப்பது என்று எங்களைப் போன்ற மூத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும், இன்னும் சரியாக யோசிக்கவில்லை. என் அலுவலகத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுத வேண்டும்: இந்த பீமில் மொமென்ட் (பாரம் அதை வளைக்கும் அளவு) சுமாராக எவ்வளவு வரும், தூணில் எத்தனை டன் இறங்கும், எவ்வளவு தொய்யும். நான்கு மீட்டர் நீளம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்றால் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு, அதாவது பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால், மொமென்ட் 40. மென்பொருள் 43 காட்டினால் மேலே போகலாம். 70 காட்டினால் யார் தப்பு என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வேலை. பல நேரம் பையனின் தாள் தப்பாக இருக்கும், அதில் அவர் கற்றுக்கொள்கிறார். சில நேரம் மாதிரியில் ஒரு சப்போர்ட் விட்டுப்போயிருக்கும்.

எம்.இ. சேருங்கள் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. சான்றிதழுக்காகவோ மென்பொருள் பழகவோ என்றால் வேண்டாம், மென்பொருளை வீட்டிலேயே பழகலாம். ஸ்ட்ரக்சரல் டைனமிக்ஸ், கான்கிரீட்டின் நடத்தை, பழைய கட்டடங்களைச் சோதிக்கும் முறைகள் என்று ஆழமாகப் போக ஆசை இருந்தால் போங்கள். முடிந்தால் இடையில் ஒரு வருஷம் தளத்தில் நில்லுங்கள். நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள், அது இனி கால்குலேட்டர் மாதிரி.

உங்களுக்கு மற்ற மாணவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, வீட்டிலேயே ஒரு கொத்தனார். அடுத்து அப்பா போர்டிகோ தளம் போடும் நாளில் டேப்போடு கூடப் போங்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் சட்டி சுமந்து வருகிறவர்கள் அதன்மேல் நடந்து நடந்து அது கீழே இறங்கிவிடும். கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாலு இடத்தில் அளந்து பாருங்கள். 125 மி.மீ. தளத்தில் அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 70க்கு இறங்கியிருந்தால், தாங்கும் மொமென்ட் எத்தனை சதவீதம் போயிற்று என்று முதலில் கையால் போடுங்கள், பிறகு ஏஐயிடம் கேளுங்கள். அதற்குள் சேர் (கம்பியைத் தாங்கும் சிறு முட்டு) வைத்துக் கம்பியைத் தூக்கிவிடச் சொல்லிவிடுங்கள், கான்கிரீட் காத்திருக்காது.